ஷீரடி போகும் வழியில் ஒரு விஜயந்தா

கேரவன் என்றால் நம்மவர்களுக்கு ஒரே பொருள்தான். படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் நடிகர் நடிகையர் உட்கார்ந்து மேக்கப் போட்டுக்கொள்ளும் வண்டி. ஆகவே, சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை எங்கள் சொசைட்டி வாசலில் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்த ஒரு வாடகைக் கேரவன் வந்து நின்றபோது, பால் வாங்க வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். உள்ளேயிருந்து எந்த நடிகரும் இறங்கவில்லை. எட்டு முழ வேட்டியும் மப்ளருமாக என் மாமனார்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறினார்.

வசதியைக் காட்டிக்கொள்ள எடுத்த வண்டி அல்ல அது. மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் இடுப்பு ஒத்துக்கொள்ளாது. அடிக்கடி பாத்ரூம் போகவேண்டும். மாமியார் இருந்தவரை ஷீரடிக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்; அவர் போனபின் அந்த ஆசை மாமாவுக்குக் கடனாக நின்றுவிட்டது. காரில் முடியாது, பஸ்ஸில் நினைத்தே பார்க்க முடியாது. மகாராஷ்டிர அரசு 2021ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. அதன்பின் இம்மாதிரி வண்டிகளை வாடகைக்கு விடுபவர்கள் புனேயிலும் இருக்கிறார்கள் என்று என் மகன் கண்டுபிடித்துச் சொன்னான். மாமா, நான், என் மனைவி, இருபத்தொரு வயது மகன், பன்னிரண்டு வயது மகள், வண்டியோடு வந்த டிரைவர். எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் வண்டியிலேயே தயார்.

நம் சங்கத்து அன்பர்களில் ஷீரடிக்குப் போகாதவர்கள் அநேகமாக இல்லை. புனேயிலிருந்து ஷிக்ராப்பூர், ஷிரூர் வழியாக அகமத்நகர்; அங்கிருந்து சனி சிங்கணாப்பூர்; பிறகு ஷீரடி. அகமத்நகருக்கு 2024 முதல் அகில்யாநகர் என்று பெயர். எந்தப் பெயரில் அழைத்தாலும் நமக்கு அது டீ குடிக்கும் ஊர், அவ்வளவுதான். நானே ஆறேழு முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன். அங்கே ராணுவத்தின் டாங்கி அருங்காட்சியகம் ஒன்று 1994ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது என்பது தெரியும், இறங்கிப் பார்த்ததில்லை. தரிசன வரிசை நீண்டுவிடும் என்ற அவசரம் எப்போதும் இருந்தது.

இந்த முறை மாமா படுத்தபடியே ஜன்னல் வழியாகச் சாலைப் பலகையைப் பார்த்துவிட்டார். "மாப்ளே, அங்க விஜயந்தா இருக்குமா?" என்றார்.

அந்தப் பெயர் என் பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தாத்தா ஆவடியில் "ஏதோ ஃபாக்டரியில்" வேலை பார்த்தார் என்பதற்குமேல் அவர்களுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதற்குமேல் அதிகம் தெரியாது. பெண் பார்க்கப் போனபோது "மத்திய சர்க்கார் உத்தியோகம், பென்ஷன் உண்டு" என்று தரகர் சொன்னார். அதோடு எங்கள் வீட்டில் விசாரணை முடிந்தது. என்ன செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

ஆவடி என்றால் பழைய தலைமுறைக்கு 1955ஆம் ஆண்டு காங்கிரஸ் மாநாடு நினைவுக்கு வரும். சில வருடங்களுக்குப் பின் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961ல் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1965ஆம் ஆண்டு இறுதியில் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைக் கோத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். ஏறத்தாழ 39 டன் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே நான்கு பேர். மாமா 1968ல், இருபது வயதில், வெல்டராகச் சேர்ந்தார்.

வண்டியை நிறுத்தினோம். திறந்த வெளியில், புல்தரைகளுக்கு இடையே நாற்பதுக்கும் மேற்பட்ட இரும்பு மிருகங்கள். ஆசியாவிலேயே இப்படி ஒன்றுதான் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் போட்டி நமக்கு வேண்டாம். இருப்பதே போதும். ரோல்ஸ் ராய்ஸ் கார் மீது இரும்புத் தகடு போர்த்திச் செய்த கவச வண்டி, ஆங்கிலேயரின் மாடில்டா, சர்ச்சில், வாலண்டைன், இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் ஓட்டிய சின்ன டாங்கிகள், பாகிஸ்தானிடமிருந்து கைப்பற்றிய அமெரிக்கப் பாட்டன்கள். சின்னப் பையன்கள் ஏறப் பார்ப்பதும், சீருடைக்காரர் விசில் ஊதுவதும், பெற்றோர் பீரங்கிக் குழாயின் அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதுமாக ஒரு பொருட்காட்சிக் களை. நாங்களும் எடுத்துக்கொண்டோம். மறைப்பானேன்.

பாட்டன் டாங்கியின் முன்னால் என் மகள், "இவ்வளவு பெரிய வண்டியை எப்படிப் பிடிச்சாங்க?" என்று கேட்டாள். 1965 செப்டம்பரில் பஞ்சாபில் அசல் உத்தர் என்ற இடத்தில் நடந்ததை அவளுக்குச் சொன்னேன். கரும்பு வயல்களில் நம்மவர்கள் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். கனத்த பாட்டன்கள் சேற்றில் இறங்கித் திணறின. மூன்று பக்கமும் மறைந்திருந்த நம் டாங்கிகளும் பீரங்கிகளும் அடித்தன. ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு அவற்றை எதிர்த்த அப்துல் ஹமீது அங்கேதான் இறந்தார். அவருக்குப் பரம்வீர் சக்கரம். இந்தியக் கணக்குப்படி தொண்ணூறுக்கும் மேற்பட்ட டாங்கிகளை எதிரி அங்கே இழந்தான். காலையிலிருந்து வழியெல்லாம் கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தவள் ஆதலால், கரும்பு வயல் என்றதும் அவளுக்கு உடனே புரிந்தது. "அந்த வயல் யாரோடது? அவங்களுக்குக் காசு குடுத்தாங்களா?" என்று கேட்டாள். இப்படி ஒரு கேள்வி எனக்கு இத்தனை வருடத்தில் தோன்றவில்லை.

செஞ்சூரியன் டாங்கிக்கு முன்னால் சற்று நேரம் நின்றோம். 1971 டிசம்பர் 16 அன்று, பசந்தர் ஆற்றங்கரைச் சண்டையில், பூனா ஹார்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த செகண்ட் லெஃப்டினென்ட் அருண் கேத்தர்பால் ஓட்டிச் சென்றது இந்த இனத்து டாங்கிதான். அவருடைய டாங்கிக்கு ஃபாமகுஸ்டா என்று பெயர். அது இதே ஊரில் உள்ள கவசப்படைப் பயிற்சி மையத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. டாங்கி தீப்பற்றியபோது வெளியேறச் சொன்ன உத்தரவை அவர் ஏற்கவில்லை. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்றார். படையில் சேர்ந்து ஆறு மாதம். வயது இருபத்தொன்று. பிறந்தது நம் புனேயில்.

இந்த வரலாறு பலருக்கும் தெரியும். இதன் பின்பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2001ல் அவருடைய தந்தை, ஓய்வுபெற்ற பிரிகேடியர், எண்பதைக் கடந்த வயதில், தாம் பிறந்த மண்ணைப் பார்க்க பாகிஸ்தானுக்குப் போனார். லாகூரில் அவரைத் தம் வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர் ஒரு பாகிஸ்தானி பிரிகேடியர், க்வாஜா முகமது நாசர். விடைபெறும் முன் அவர்தான் சொன்னார், உங்கள் மகன் என் கையால்தான் இறந்தான் என்று. இதை நான் சொல்லி முடித்தபோது என் மனைவி டாங்கியைப் பார்க்கவில்லை. எங்கள் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காதிலிருந்து ஹெட்போனை எடுத்திருந்தான்.

சரி, விஜயந்தா.

மாமா அதைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்தில் போய் முன்புறத் தகடுகள் சேரும் இடத்தில் விரலை வைத்து, ஒரு கோட்டைத் தடவிக்கொண்டே போனார். வெயிலில் இரும்பு சுட்டது, கையை எடுக்கவில்லை. "தகடு கனமா இருக்கும். மொதல்ல சூடு பண்ணணும். சூடு பண்ணாம வெச்சா வெடிச்சுடும். மே மாசத்துல உள்ள உக்காந்து வெச்சுப் பாருங்க. விரிசல் தெரிஞ்சா அரைச்சு எடுத்துட்டு மறுபடியும் மொதல்லேருந்து." பத்து நிமிடம் பேசினார். எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை. எஞ்சினைப்பற்றி மட்டும் நல்ல வார்த்தை வரவில்லை. "லேலண்ட் எஞ்சின். சூடாயிடும். அதான் தொல்லை" என்றார்.

"இது நீங்க செஞ்சதா தாத்தா?" என்று மகள் கேட்டாள்.

"எது என் கைன்னு யாருக்குத் தெரியும்? நாங்க என்ன சிற்பியா, பேர் வெட்டிட்டுப் போக?" என்றார். பிறகு, "சிற்பியும் வெட்டல" என்று சேர்த்துக்கொண்டார்.

உள்ளே நான்கு பேர் எப்படி இருப்பார்கள் என்று மகள் விசாரித்தாள். காலையில்தான் எங்கள் கேரவனில் ஐந்து பேருக்கு இடம் போதவில்லை என்று அண்ணனோடு சண்டை போட்டிருந்தாள். கமாண்டர், சுடுபவர், குண்டு நிரப்புபவர், டிரைவர். படுக்க இடமில்லை, ஜன்னல் இல்லை, மணிக்கணக்கில் மூடியபடி இருக்கவேண்டும். "அப்போ பாத்ரூம்?" காலி ஷெல் கேஸ்தான் பாத்ரூம் என்று தாத்தா சொன்னதும் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. செஞ்சூரியனில் டீ போடுவதற்கென்றே வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை ஆங்கிலேயர்கள் பொருத்தியிருந்தார்கள் என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். சிரிப்பு அடங்கியபின், "தீப்பிடிச்சா நாலு பேரும் எப்படி வெளிய வருவாங்க?" என்று கேட்டாள். தாத்தா மேலே இருந்த மூடிகளைக் காட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

நம் சங்க விழாக்களில் தமிழர் பெருமை பேசப்படும்போதெல்லாம் அது ஆயிரம் வருடத்துக்கு முற்பட்டதாகவே இருக்கிறது. கல்லணை, ராஜேந்திர சோழனின் கப்பல்கள், தஞ்சைக் கோபுரம். பிள்ளைகளுக்குக் கட்டபொம்மன் மீசை ஒட்டி மேடை ஏற்றுகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை; என் மகனும் மீசை ஒட்டிக்கொண்டவன்தான். ஆனால் நம் அப்பாவும் மாமாவும் சித்தப்பாவும் நாற்பது வருடம் என்ன செய்தார்கள் என்பது எந்த மேடையிலும் வருவதில்லை. இந்தப் புனேக்கே தமிழர்கள் எப்படி வந்தார்கள்? கட்கியிலும் தேஹு ரோடிலும் உள்ள நம் பழைய குடும்பங்களில் பாதி, ராணுவக் கிடங்கையும் வெடிமருந்துத் தொழிற்சாலையையும் நம்பி வந்தவைதானே? கட்கி தொழிற்சாலை 1869ல் தொடங்கியது. சில வருடங்களுக்கு முன் நாம் வெளியிட்ட மலரில் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பன்னிரண்டு பக்கம். இந்தத் தொழிலாளிகளுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. அந்த மலர்க் குழுவில் நானும் இருந்தேன்.

ராணுவத்தில் தமிழன் என்றால் மெட்ராஸ் ரெஜிமெண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். இந்தியக் கவசப்படையின் மிகப் பழைய ரெஜிமெண்டான 16ஆம் லைட் கேவல்ரி, சென்னை மாகாணத்துக் குதிரைப்படையாக இருந்தது. தென்னிந்தியர்களே அதில் பெரும்பாலும் சேர்க்கப்பட்டார்கள். 1965ல் சியால்கோட் பகுதியில் செஞ்சூரியன்களோடு போரிட்டது. இதே அகமத்நகரில்தான் மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரி ரெஜிமெண்டின் தலைமைப் பயிற்சி மையமும் இருக்கிறது. அந்த ரெஜிமெண்ட் உருவாகக் காரணமாக இருந்தவர் செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் கிருஷ்ணசாமி சுந்தர்ஜி.

சுந்தர்ஜி பெயரைச் சொன்னால் அடுத்ததையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1987ல் அமைதிப்படை இலங்கைக்குப் போனபோது தரைப்படைத் தளபதியும் அவர்தான். அந்த அக்டோபரில் யாழ்ப்பாணத் தெருக்களில் இந்திய டாங்கிகளும் இறங்கின. என் மகன் இதை எங்கோ படித்திருக்கிறான். விஜயந்தாவின் நிழலில் நின்றுகொண்டு, "தாத்தா, அப்போ நீங்க ஃபாக்டரியிலதானே இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டான்.

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். மாமா மாற்றவில்லை. "இருந்தேன். அது நாங்க செஞ்ச வண்டியான்னு தெரியாது. செய்யறவனுக்கு அது எங்க போவுதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அந்த மாசம் கேன்டீன்ல யாரும் யார்கிட்டயும் சரியா பேசல. சங்கு ஊதினா போனோம், சங்கு ஊதினா வந்தோம்" என்றார்.

ராணுவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று நம்மில் இரண்டு கட்சி உண்டு. கொலைக் கருவிகளைக் காட்டி என்ன கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்பது ஒரு கட்சி. பார்த்தால்தான் தேசபக்தி வரும் என்பது மற்றொன்று. முதல் கட்சிக்காரர்கள் பிள்ளையின் கையில் மாலை முழுவதும் சுட்டுத் தள்ளும் விளையாட்டு உள்ள செல்போனைக் கொடுத்துவிட்டுத்தான் இதைப் பேசுகிறார்கள். அதில் செத்தவன் அரை நிமிடத்தில் எழுந்து வருகிறான். இங்கே உள்ள இரும்பில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான். இரண்டாம் கட்சிக்காரர்கள் உள்ளே போய் ஒரு முழக்கம், ஒரு போட்டோ, ஒரு குல்ஃபி என்று முக்கால் மணியில் வெளியே வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு டாங்கி பெரியது என்பதுதான் தெரிந்திருக்கும்.

பலகைகளில் எடை இருக்கிறது, வேகம் இருக்கிறது, பீரங்கியின் அளவு இருக்கிறது. அவை தேவைதான். உள்ளே இருந்தவன் எப்படி வெந்தான், வெளியே வெல்டு வைத்தவன் எப்படி வெந்தான், எதிர்ப்பக்கத்தில் இருந்தவன் கடைசிவரை எதைச் சுமந்துகொண்டிருந்தான் என்பதைப் பலகை சொல்லாது. சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆட்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். ஹாலில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறோம். இன்னும் பத்து வருடம் இருப்பார்களா என்பது வேறு விஷயம். விஜயந்தாவே படையிலிருந்து விடைபெற்றுப் பல வருடமாகிவிட்டது. ஆவடித் தொழிற்சாலை 2021ல் கவச வாகன நிகாம் என்ற நிறுவனத்தின்கீழ் போய்விட்டது. மாமாவோடு வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் இல்லை.

ஆயுதம் செய்ததைப் பெருமை என்று சொல்லலாமா என்று என்னைக் கேட்டால், முழு மனதோடு ஆம் என்று சொல்ல எனக்கு வரவில்லை. வெட்கப்படவும் காரணம் தெரியவில்லை. 1965ஐயும் 1971ஐயும் தாங்கியது இப்படிப்பட்டவர்களின் கைதான். 1987ஐப் பற்றி அவரே கேன்டீனில் பேசாமல் இருந்திருக்கிறார். பெருமை என்றால் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பெருமையாக இருக்கட்டும். பிள்ளைகளிடம் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லிவிட்டு மற்றதை மறைத்தால், என் மகனைப்போல் அவர்களே எங்கிருந்தாவது தெரிந்துகொண்டு, நாம் எதிர்பாராத இடத்தில் கேட்பார்கள்.

ஷீரடி போய்ச் சேர இரவாகிவிட்டது. ஒரு விடுதிக்காரரிடம் கேட்டு அவர் வளாகத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டோம். கேரவனைச் சுற்றிச் சிறுவர்கள் கூடி, யார் ஹீரோ என்று விசாரித்தார்கள். மறுநாள் காலை தரிசனம் நன்றாக ஆயிற்று.

நம் சங்கம் வருடாவருடம் ஷீரடிக்கு இரண்டு பஸ் அனுப்புகிறது. அடுத்த யாத்திரையில் அகமத்நகரில் டீக்கு நிறுத்தும் அரை மணியை மூன்று மணியாக நீட்டவேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸுக்கு இருவராவது கட்கி, தேஹு ரோடு தொழிற்சாலைகளிலிருந்தோ படையிலிருந்தோ ஓய்வுபெற்ற நம்மவர்கள் வரட்டும். பிள்ளைகள் அவர்களோடு நடக்கட்டும். தரிசனம் தாமதமாகும் என்று ஒரு நண்பர் ஆட்சேபித்தார். ஆகட்டும் என்றேன்.

மாமாவிடமும் கேட்டேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் படுக்க இடம் இருக்குமா என்று விசாரித்தார். மைக் மட்டும் கொடுக்கக்கூடாதாம்.